எழுதிக் கொடுத்தவர்கள் – 7: முத்தம்மாவின் இரண்டு காகிதங்கள்

சென்ற வாரம் பம்பாயின் மருந்துக் கம்பெனி ஒன்றில் பொட்டலம் கட்டி, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தோம். கல்யாணம் ஆனால் வேலை போய்விடும் என்ற விதியை அவர்களுடைய தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1965-ல் உடைத்தது. கூலி வேலை பார்த்தாலும் அந்தப் பெண்களுக்குத் தோள் கொடுக்க ஒரு சங்கம் இருந்தது.

இந்த வாரம் வருகிறவருக்குச் சங்கம் கிடையாது. அவர் தொழிலாளி அல்ல, அதிகாரி. வெளிநாட்டுத் தலைநகரங்களில் இந்தியாவின் பெயரால் பேசியவர், தூதராக அமர்ந்தவர். ஆனால் பம்பாய்ப் பெண்களின் தலைக்கு மேல் தொங்கிய அதே கத்திதான் அவர் தலைக்கு மேலும் தொங்கியது. அங்கே அதைத் தொங்கவிட்டது ஒரு கம்பெனி முதலாளி. இங்கே தொங்கவிட்டது இந்திய அரசு.

அவர் பெயர் சோனிரா பெல்லியப்பா முத்தம்மா. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்.

அவர் வாழ்க்கையில் இரண்டு காகிதங்கள் முக்கியமானவை. ஒன்று, பணியில் சேரும்போது அரசு கேட்டு அவர் எழுதிக் கொடுத்தது. மற்றொன்று, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து யாரும் கேட்காமல் அவரே எழுதிக் கொடுத்தது. இந்த அத்தியாயம் அந்த இரண்டு காகிதங்களின் கதை.

விராஜ்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு

முத்தம்மா பிறந்தது 1924 ஜனவரி 24-ம் தேதி, குடகு நாட்டு விராஜ்பேட்டையில். அப்பா வனத்துறை அதிகாரி. மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவர் இறந்துபோனார். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா தனியாக நின்றார். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டு ஓய்ந்திராத காலம் அது. அந்த அம்மா நான்கு பேரையும் படிக்க வைப்பதில் உறுதியாக இருந்தார். மகள் மடிக்கேரியில் செயின்ட் ஜோசப் பெண்கள் பள்ளியில் படித்து முடித்துவிட்டு, சென்னைக்கு வந்தார்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்றும் இருக்கிற மகளிர் கிறிஸ்துவக் கல்லூரிதான் அவர் பட்டம் வாங்கிய இடம். தங்கப் பதக்கங்களோடு வெளியே வந்தார். பிறகு மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அதன் பின் 1948-ல், அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் தேறியிராத மத்திய அரசுப் பணித் தேர்வை எழுதினார். தேர்வானார். வெளியுறவுப் பணியைத் தேர்ந்தெடுத்தார்.

நாடு விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. உலகெங்கும் தூதரகங்கள் திறக்க வேண்டியிருந்தது, ஆள் தேவைப்பட்டது. 1947-லேயே விஜயலட்சுமி பண்டிட்டை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பிவிட்டது இந்தியா. ஆகவே ஒரு பெண் வெளிநாட்டில் இந்தியாவின் முகமாக இருக்கலாமா என்ற கேள்விக்கு அரசே விடை சொல்லியாகிவிட்டது. ஆனால் அது அரசியல் நியமனம். தேர்வெழுதி, வரிசையில் நின்று, மற்ற அதிகாரிகளோடு போட்டிபோட்டு ஏறி வரும் பெண்ணுக்கு அந்த விடை செல்லுபடியாகவில்லை.

முதல் காகிதம்

நேர்முகத் தேர்வில் நடந்ததை முத்தம்மாவே பின்னாளில் பிரமாண மனுவில் பதிவு செய்திருக்கிறார். தேர்வாணையத்தின் தலைவர், வெளியுறவுப் பணி வேண்டாம் என்று அவர் மனதை மாற்றப் பார்த்தார். அவர் அசையவில்லை. பின்னர் ஒரு சந்தர்ப்பத்தில் அதே தலைவர் அவரிடமே ஒன்றைச் சொன்னார்: தன் செல்வாக்கைப் பயன்படுத்தி, வாய்மொழித் தேர்வில் அவருக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கிடைக்கும்படி செய்ததாக.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒருவர் இன்னொருவருக்கு அநீதி செய்தால் வழக்கமாக அதை மறைப்பார். இங்கே செய்தவரே, பாதிக்கப்பட்டவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்கிறார். அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. பெண்ணைத் தள்ளி நிறுத்துவது அந்தக் காலத்து அலுவலக ஒழுங்கின் ஒரு பகுதி. அதைப் பேசுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பாலினப் பாகுபாடு பற்றிய புகார்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சிக்கல் கிடக்கிறது. செய்கிறவர் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. அனுபவிக்கிறவருக்கும் அதைக் குற்றம் என்று சொல்ல நீண்ட காலம் வார்த்தை கிடைப்பதில்லை.

குறைந்த மதிப்பெண்ணையும் மீறி அவர் உள்ளே வந்தார். 1949-ல் பணியில் சேரும்போது ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலகிவிடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். அவருடன் சேர்ந்த ஆண்களிடம் அப்படி ஒரு காகிதம் யாரும் நீட்டவில்லை.

இது இந்தியாவில் முளைத்த வழக்கம் என்று சொல்ல முடியாது. பிரிட்டன் தன் வெளியுறவுப் பணியைப் பெண்களுக்குத் திறந்ததே 1946-ல்தான். அங்கும் கல்யாணம் ஆனால் வெளியே போக வேண்டும் என்ற தடை 1970-களின் தொடக்கம் வரை நீடித்தது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளோடு விதிகளும் தங்கிவிட்டன.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. 1951-ல் ஐ.ஏ.எஸ். தேறிய அன்னா ராஜம் ஜார்ஜ், கேரளத்தில் பிறந்து சென்னை மாகாணத்துக்கு வந்தவர். அவருக்கும் நேர்முகத் தேர்வில் வேறு பணிகளைப் பார்க்கச் சொல்லி அறிவுரை. அவருக்கு வந்த நியமன ஆணையிலும் திருமணம் ஆனால் பணி முடியும் என்ற நிபந்தனை. முதலமைச்சர் ராஜாஜிக்கு ஒரு பெண்ணை மாவட்டப் பணிக்கு அனுப்பத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார். அன்னா ராஜம் வாதாடி, ஓசூருக்குச் சப்-கலெக்டராகப் போனார். பிற்பாடு அவருடைய வேலையை ராஜாஜியே மேடையில் பாராட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக, முத்தம்மா கையெழுத்திட்ட காகிதம் ஒரு தனி அதிகாரியின் வக்கிரத்தால் வந்ததல்ல. அது முறை. எதிர்த்துப் பேச அப்போது அவரிடம் சட்டம்கூட இல்லை. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வர இன்னும் சில மாதங்கள் இருந்தன.

சாசனம் வந்த பிறகும்

1950 ஜனவரி 26-ல் சாசனம் வந்தது. அதன் 14-வது பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றது. 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து அரசு வேற்றுமை காட்டக் கூடாது என்றது. 16-வது பிரிவு இன்னும் ஒரு படி இறங்கி வந்து, அரசு வேலை என்று பெயர் சொல்லியே, அதில் பால் காரணமாக யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது.

இதற்குப் பிறகு அந்த உறுதிமொழிப் பழக்கம் தானாக உதிர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. சாசனம் வந்து 11 ஆண்டுகள் கழித்து, 1961-ல், வெளியுறவுப் பணிக்கான விதிகள் முறையாக வகுக்கப்பட்டன. அதுவரை உறுதிமொழியாக வாங்கிக்கொண்டிருந்த நிபந்தனையின் சாரம் அப்போது அரசு விதியாகவே அச்சேறியது.

நடத்தை விதிகளில் 8-வது விதியின் 2-வது உட்பிரிவு இப்படிப் போகிறது: பணியில் இருக்கும் ஒரு பெண் திருமணம் செய்துகொள்ளும் முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் முடிந்துவிடாது. திருமணத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும், குடும்பப் பொறுப்புகள் அவருடைய வேலைக்கு இடையூறாக வரக்கூடும் என்று அரசு கருதினால், ராஜினாமா செய்யச் சொல்லலாம்.

"வரக்கூடும்" என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். இடையூறு வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்திருக்க வேண்டாம். ஒரு கோப்புகூடத் தேங்கியிருக்க வேண்டாம். வரும் என்று மேலே இருப்பவருக்குத் தோன்றினால் போதும். தோன்றியது சரியா என்று கேட்க வழியில்லை.

ஆள்சேர்ப்பு விதிகளில் 18-வது விதி வாசலிலேயே நின்றது. திருமணமான பெண் எவரும் இந்தப் பணியில் நியமனம் பெறுவதை உரிமையாகக் கோர முடியாது என்றது.

இந்த விதிகளின் நிழலில்தான் முத்தம்மா வேலை பார்த்தார். முதலில் பாரிஸ், பின்னர் ரங்கூன், லண்டன் என்று பல ஊர்கள். கல்யாணம் செய்துகொண்டு பணியை விட்டுப் போன சக பெண் அதிகாரிகளையும் அவர் பார்த்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். பணிக்குள்ளிருந்தே படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் இந்தியப் பெண் அவர்தான். பின்னர் ஆப்பிரிக்காவில் கானாவுக்கும் தூதராகப் போனார்.

எழுதிக் கொடுத்ததை அவர் மீறவே இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு போட்ட நிபந்தனைப்படியே அவர் நடந்தார். அப்படி நடந்தவருக்கும் கதவு அடைபட்டது என்பதுதான் அடுத்து வருவது.

பட்டியலில் விடுபட்ட பெயர்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பணிமூப்புப் பட்டியல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சீனியாரிட்டி லிஸ்ட் வந்த அன்று அலுவலகம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. யாருக்கு மேலே யார், யாருக்கு எந்த ஆண்டு பதவி உயர்வு, எந்த வயதில் ஓய்வு என்று ஒவ்வொருவரும் விரல்விட்டு எண்ணி வைத்திருப்பார்கள். ஒரு ஜூனியர் தாண்டிப் போய்விட்டால், அந்த இடைவெளி ஓய்வு பெறும் நாள் வரை கூடவே வரும். சம்பளத்தில் வரும், ஓய்வூதியத்தில் வரும், அடுத்த பதவி உயர்விலும் வந்து நிற்கும்.

வெளியுறவுப் பணியின் மேல் படியான முதல் கிரேடுக்கு முத்தம்மாவின் பெயர் போனபோது, அவர் போதிய தகுதி உள்ளவராகக் காணப்படவில்லை என்று முடிவானது. அவருக்குப் பின்னால் சேர்ந்த சிலர் மேலே போனார்கள். சுமார் முப்பது ஆண்டுப் பணி. இரண்டு நாடுகளில் தூதர். தகுதி போதவில்லை என்றார்கள்.

இப்படி ஒரு நிலையில் இருப்பவரிடம் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச வருஷம்தானே, பேசாமல் இருந்துவிட்டுப் போங்கள். அரசாங்கத்தோடு மோதி யார் ஜெயித்தது? ரொம்பக் கோபமாக இருந்தால் யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுப் பார்க்கட்டும்.

பெயர் போடாத கடிதம் நம் அலுவலகங்களின் பழைய ஆயுதம். பயத்தில் பிறப்பது என்பதால் அதை எழுதுகிறவர்களைக் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் அது கோப்பில் ஏறாது. ஏறினாலும் யாருக்கு என்ன நடந்தது என்று நிரூபிக்க ஆள் இருக்காது. முத்தம்மா தன் பெயரைப் போட்டு எழுதத் தீர்மானித்தார். பதவியில் இருந்துகொண்டே, தனக்குச் சம்பளம் தரும் இந்திய அரசை எதிர்த்து, 1979-ல் சாசனத்தின் 32-வது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்.

இரண்டாவது காகிதம்

அந்த மனு எப்படி அமைந்திருந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இன்று ஓர் உள்ளகக் குழுவிடமோ தொழிலாளர் துறையிடமோ நீதிமன்றத்திடமோ புகார் எழுத உட்காரும் எந்தப் பெண்ணுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

பதவி உயர்வு கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் புகார் என்றால், அரசின் பதில் தயார்: தகுதியைப் பார்த்து முடிவு செய்தோம். தகுதி என்பது தேர்வுக் குழுவின் மனதுக்குள் இருப்பது. நீதிமன்றம் பொதுவாக அதற்குள் கை வைக்காது. அங்கேயே வழக்கு முடிந்துபோயிருக்கும்.

முத்தம்மா கதையைக் கடைசியிலிருந்து தொடங்கவில்லை. முதல் நாளிலிருந்து தொடங்கினார். நேர்முகத் தேர்வில் தேர்வாணையத் தலைவர் சொன்னதை எழுதினார். குறைக்கப்பட்ட மதிப்பெண்ணை எழுதினார். கையெழுத்து வாங்கிய உறுதிமொழியை எழுதினார். பணிக்காலத்தில் பெண் என்பதால் பல சமயங்களில் நேர்ந்த பாதிப்பைச் சொன்னார். பதவி உயர்வை முடிவு செய்கிறவர்களிடம் பெண்கள் என்ற இனத்தின் மீதே வேரோடிய தப்பெண்ணம் இருக்கிறது, அது மிக உயர்ந்த மட்டம் வரை நீள்கிறது என்று நேரடியாகக் குற்றம் சாட்டினார். கடைசியில்தான் இப்போது நடந்த பதவி உயர்வு மறுப்பு வந்தது.

இப்படி வரிசைப்படுத்தியதும் அந்த மறுப்பின் பொருளே மாறிவிட்டது. தனியாகப் பார்த்தால் ஒரு குழுவின் முடிவு. முப்பது ஆண்டு வரிசையின் கடைசிக் கண்ணியாகப் பார்த்தால் ஒரு பழக்கத்தின் தொடர்ச்சி.

அதற்கு மேல், அவரிடம் இன்னொரு சாட்சி இருந்தது. எந்த அதிகாரியும் மறுக்க முடியாத சாட்சி. மத்திய அரசே அச்சிட்ட விதிகள். ஒருவர் மனதில் பாரபட்சம் இருந்ததா என்று நிரூபிப்பது கடினம். ஆனால் விதிப் புத்தகத்தில் அச்சேறிய பாரபட்சத்தை நிரூபிக்க, பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். என்னை ஒதுக்கினார்கள் என்று சொல்வதோடு நிற்காமல், ஒதுக்குவதற்கான வரியையே எடுத்து நீதிபதிகள் முன் வைத்தார். தன் குறையோடு, தனக்குப் பின்னால் வரப்போகும் பெண்களின் குறையையும் அந்த மனு சேர்த்துச் சுமந்தது.

அவசரமாக வந்த தகுதி

மனு நீதிமன்றத்துக்குப் போன பிறகு டெல்லியில் காரியங்கள் வேகமாக நடந்தன. சில மாதங்களுக்கு முன் தகுதி போதாதென்று ஒதுக்கப்பட்டவர், இப்போது தகுதியானவர் என்று அரசுக்குத் தெரிந்தது. பதவி உயர்வு வந்தது. நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்துக்குத் தூதராக நியமனம் வந்தது. விதிகளைப் பற்றிக் கேட்டபோது, 18-வது விதியின் அந்தப் பகுதியை 1973 நவம்பரிலேயே நீக்கிவிட்டோம் என்றும், 8-வது விதியின் உட்பிரிவை நீக்கும் அறிவிப்பு அரசிதழில் வரப்போகிறது என்றும் அரசுத் தரப்பு சொன்னது.

இது புகார்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. வாய்மொழியாகக் கேட்டபோது அசையாத மேசை, எழுத்தில் கேட்டதும் அசைகிறது. அசைந்த பிறகு, முதலிலிருந்தே அசையத்தான் இருந்தோம் என்று சொல்கிறது.

வழக்கை விசாரித்தவர்கள் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரும் நீதிபதி பி.என்.சிங்கலும். தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், சென்னையில் சட்டம் படித்தவர், 1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர். 1979 செப்டம்பர் 17-ம் தேதி தீர்ப்பு வந்தது. மூன்று நான்கு பக்கங்களில் அடங்கிவிடும் சின்னத் தீர்ப்பு.

இந்த மனுவைப் படித்தால் சமத்துவம் பேசும் சாசனப் பிரிவுகள் நிஜமா, புராணக் கதையா என்ற சந்தேகமே வருகிறது என்று தொடங்கினார் நீதிபதி. மனு போட்ட பிறகு பதவி உயர்வு வந்திருக்கிறதே, மனுவால்தான் வந்ததா என்றும் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, நியாயம் கிடைத்துவிட்ட நிலையில் அதைத் தோண்ட வேண்டியதில்லை என்று நகர்ந்தார்.

பிறகு அந்த 8-வது விதியை எடுத்துக்கொண்டார். அவர் செய்தது எளிய சோதனை. பெண் என்ற சொல் இருந்த இடத்தில் ஆண் என்ற சொல்லை வைத்துப் பார்த்தார். திருமணம் செய்யும் பெண் அதிகாரியால் அரசுக்கு ஆபத்து வரும் என்றால், திருமணம் செய்யும் ஆண் அதிகாரியாலும் அதே ஆபத்து வருமே? குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடையூறு என்றால், ஆணுக்குக் குடும்பம் இல்லையா? கண்டம் விட்டுக் கண்டம் திருமணங்கள் நடக்கும் காலத்தில் பெண்ணின் மீது மட்டும் இப்படி ஓர் அப்பட்டமான பாரபட்சம் எதற்கு? விதியில் இதற்குப் பதில் இல்லை. சாசனத்தின் 16-வது பிரிவை இந்த விதி மீறுகிறது என்பது வெட்டவெளிச்சம் என்று எழுதினார். விடுதலையையும் நீதியையும் கூறுபோட முடியாது என்றும், மக்கள்தொகையில் பாதிப் பேரான பெண்களுக்கு அவை மறுக்கப்பட்டது, புத்தகத்தில் இருக்கும் சாசனத்துக்கும் நடைமுறையில் இருக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் சோகம் என்றும் வருந்தினார்.

எஞ்சியிருந்தது ஒரு குறைதான். முதல் மதிப்பீட்டுக்கும் இரண்டாம் மதிப்பீட்டுக்கும் நடுவே சில மாதங்கள். அதற்குள் ஜூனியர்கள் சிலர் மேலே போய்விட்டார்கள். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது, மனதில் உறுத்தும் அநீதி துடைக்கப்பட வேண்டும் என்று சொல்லி, முத்தம்மாவின் பணிமூப்பை மறுபடி பரிசீலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டார். வழக்குப் போடும் வரை காத்திராமல், எல்லாப் பணி விதிகளையும் எடுத்துப் பார்த்துப் பாலினப் பாகுபாட்டின் கறையைக் கழுவ வேண்டியது அரசின் கடமை என்றும் சொன்னார்.

கடைசி வரியில் மனு தள்ளுபடியானது. மனுவைத்தான் தள்ளுபடி செய்கிறோம், பிரச்சினையை அல்ல என்ற பொருளில் தீர்ப்பு முடிந்தது.

பதிவேட்டை மட்டும் பார்த்தால் முத்தம்மா தோற்ற வழக்கு இது. முடிவுக் கட்டத்தில் 'தள்ளுபடி' என்றே இருக்கும். ஆனால் அவர் கேட்ட பதவி உயர்வு வந்தது, எதிர்த்த விதி ஒழிந்தது, பணிமூப்பு மறுபரிசீலனைக்குப் போனது. புகார் கொடுப்பவர்கள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதை உத்தரவின் கடைசி வரியை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கழுவாமல் விட்ட கறை

எல்லா விதிகளையும் கழுவச் சொன்ன தீர்ப்பை அரசு எவ்வளவு கேட்டது?

தீர்ப்பு வந்த 1979-ல், ராணுவ செவிலியர் பணிக்கு 1977-ல் வகுக்கப்பட்ட ஒரு கட்டளை நடைமுறையில் இருந்தது. திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விடுவிக்கலாம் என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனையைக் காட்டி 1988-ல் ஒரு பெண் அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டளை திரும்பப் பெறப்பட்டதே 1995-ல்தான். அந்தப் பெண் விடாமல் போராடினார். திருமணத்துக்காக ஒரு பெண்ணை வேலையைவிட்டு அனுப்புவது அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில். முத்தம்மா தீர்ப்புக்குப் பிறகு 44 ஆண்டுகள்.

எழுதிய விதியை யாராவது எழுதியே எதிர்க்காத வரை அது தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கும். ஒரு துறையில் ஒழிந்தது அடுத்த துறைக்குத் தானாகப் பரவுவதில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் தன் பெயரையும் கையெழுத்தையும் போட்டுத்தான் அதை நகர்த்தியிருக்கிறாள். இந்தத் தொடரை நான் எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணமே அதுதான். உரிமைகள் காலத்தின் போக்கில் தாமாகக் கனிந்தவை என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

முத்தம்மா 1982-ல் ஓய்வு பெற்றார். ஸ்வீடனின் ஒலோஃப் பால்மே தலைமையில் அமைந்த ஆயுதக் குறைப்புக்கான சர்வதேச ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். டெல்லியில் தனக்கிருந்த நிலத்தை அன்னை தெரசாவின் சபைக்கு, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்காகக் கொடுத்தார். 2009 அக்டோபர் 14-ம் தேதி பெங்களூரில் காலமானார். வயது 85.

அவர் கண்ணை மூடியபோது இந்தியாவின் வெளியுறவுச் செயலர் பதவியில் இருந்தவர் நிருபமா ராவ். அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது பெண். பணியில் சேர்ந்தது 1973-ல். திருமணமான பெண்ணுக்கு வாசலை அடைத்த விதி நீக்கப்பட்ட அதே ஆண்டு. மணமானவர் அவர்; அதற்காக யாரும் அவரிடம் ராஜினாமா கேட்கவில்லை.

1949-ல் முத்தம்மாவிடம் வாங்கிய உறுதிமொழியின் மூலப் பிரதியை இன்று யாரும் தேடிப் படிக்கப்போவதில்லை. 1979-ல் அவர் கொடுத்த மனுவின் வரிகளோ தீர்ப்புக்குள் ஏறி, சட்டக் கல்லூரி மாணவர்கள் பாடமாகப் படிக்கும் பக்கங்களில் இருக்கின்றன. அந்த உறுதிமொழி ஒன்று இருந்தது என்பதை நீதிமன்ற ஏடு நமக்குச் சொல்வதும் இந்த மனுவின் வழியாகத்தான். வாயை அடைக்க வாங்கிய முதல் காகிதத்துக்கு, இரண்டாவது காகிதமே சாட்சியாகிவிட்டது.

ஆனால் கிருஷ்ணய்யரின் தீர்ப்பில் ஒரு சந்து இருந்தது. எல்லா வேலைகளிலும் எல்லாச் சூழல்களிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவிதியாகச் சொல்லவில்லை, சில வேலைகளின் தேவை கருதி வேற்றுமை அவசியமாகலாம், அந்த வேற்றுமையை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று அவர் ஒரு விலக்கு வைத்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் அதே உச்ச நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. 35 வயதானால் ஓய்வு, சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் ஆனால் வேலை இல்லை, முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது என்ற விதிகளோடு ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த பெண்களின் வழக்கு. அதில் நீதிமன்றம் ஒரு விதியை இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று வீசியெறிந்தது. இன்னொன்றை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது.

எதை எறிந்தது, எதை ஏற்றது, ஏன்? அடுத்த வாரம் ஏர் இந்தியாவின் பணிப்பெண்களோடு பறப்போம்.

(தொடரும்)